வீட்டு வழிக் கல்விப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நோட்டுத் தாளில் ஆறு பக்கம். ஊர், பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகன் கஜா புயல் அடித்த வாரத்தில், 2018 நவம்பரில் பிறந்தவன். மூளை முடக்குவாதம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாடு 65 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைப்பான். பேச்சு தெளிவாக வராது. ஆனால் சொல்வதெல்லாம் புரியும்; எழுத்தட்டையைப் பரப்பினால் கேட்ட எழுத்தைத் தொட்டுக் காட்டுவான். ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் மொத்தம் 26 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்றுநர் மாதம் இரண்டு முறை வந்து முக்கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறார். சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், அது முடியும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. மழைக் காலத்தில் சாய்தளத்தின் அடிப்பக்கம் தண்ணீரில் நிற்கிறது.

கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். இவர் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறார். போன மாதம் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "வீட்டு வழிக் கல்வியில பேரைப் போட்டுடுவோம்மா. நீங்க தினம் தூக்கிட்டு வந்து கஷ்டப்பட வேணாம், டீச்சரே வீட்டுக்கு வருவாங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு படிவத்தை நீட்டியிருக்கிறார். இவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். கொழுந்தனார் கேட்டுவிட்டு, "இந்த மாதிரி பிள்ளைக்கு வருஷம் 3,500 ரூபாய் வருது அண்ணி, ஹெச்.எம். அதை அமுக்கத்தான் இப்படிச் செய்றாரு, மதுரைக் கிளையில கேஸ் போடுவோம்" என்கிறார். நகரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறப்புப் பள்ளி, விடுதியோடு இலவசமாகச் சேர்த்துக்கொள்கிறோம், டி.சி. வாங்கி வாருங்கள் என்கிறது. சிறப்புப் பயிற்றுநரோ, "எங்களுக்கே சம்பளம் ஒழுங்கா வரலைக்கா, டெல்லியில பணத்தை நிறுத்திட்டாங்க" என்கிறார். கையெழுத்துப் போடுவதா, டி.சி. வாங்குவதா, வழக்குப் போடுவதா, எதைச் செய்தாலும் பிள்ளை மேல் கோபத்தைக் காட்டிவிடுவார்களா என்பது இவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், "கரண்ட் இல்லாத ராத்திரியில் பிறந்ததால்தான் இப்படி ஆச்சோ" என்று எழுதி, அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. நான் வக்கீல், எனக்கு மருத்துவம் தெரியாது. பையனைப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் அதை ஒரு முறை நேராகக் கேட்டுவிடுங்கள். விடை எதுவானாலும், இத்தனை வருஷம் தனியாகச் சுமந்ததைவிட அது இலேசாகத்தான் இருக்கும். சரி, எனக்குத் தெரிந்ததற்கு வருகிறேன்.

கையெழுத்து இப்போது வேண்டாம்

படிவத்தை வாங்கி வராமல், உடனே கையெழுத்தும் போடாமல் திரும்பியது நல்லது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2012இல் அதைத் திருத்தியபோதுதான் வீட்டு வழிக் கல்வி என்பது சட்டத்துக்குள் வந்தது. அந்தத் திருத்தம் அதை யாருக்குத் தருகிறது என்று பாருங்கள். பலவகைக் குறைபாடு உள்ள பிள்ளையும் தீவிரக் குறைபாடு உள்ள பிள்ளையும் விரும்பினால் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையுடையது. அதாவது அவனுக்காக உங்களுடையது. பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு அனுப்ப அதில் இடமே இல்லை.

இன்னொன்று. தீவிரக் குறைபாடு என்பதற்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வைத்திருக்கும் அளவு 80 சதவீதம். உங்கள் மகனுக்கு 65. மூளை முடக்குவாதத்தோடு வேறு குறைபாடும் சேர்ந்திருப்பதாகச் சான்றிதழில் இல்லை என்றால், அவன் அந்த வரையறைக்குள் வருகிறானா என்பதே கேள்விதான். அதனால் "சட்டப்படி இவன் வீட்டில்தான் இருக்க வேண்டும்" என்று யார் சொன்னாலும் தலையாட்ட வேண்டாம்.

வீட்டு வழிக் கல்வி கெட்டது என்று நான் சொல்லவில்லை. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைகள், மூச்சுக் குழாயோடு இருக்கும் பிள்ளைகள் உண்டு; அவர்களுக்கு அது வரம். உங்கள் மகனுக்கே நாளைக்குக் காலில் அறுவை சிகிச்சை என்று வந்தால், நாலு மாதத்துக்கு என்று தேதி போட்டு நீங்களே அதைக் கேட்டு வாங்கலாம். இன்றைய நிலையில் அது அவனுக்கு என்ன செய்யும்? தினம் 25 பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருப்பவன், மாதத்தில் சில மணி நேரம் ஒருவர் வந்து போகும் வீட்டுத் திண்ணையில் உட்காருவான். நீங்கள் ஏழு மணிக்கு நடவுக்குப் போய்விடுகிறீர்கள், காலைச் சாப்பாடு பள்ளிக்கூடத்தில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில் வைத்துத்தானே அந்தக் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். காலை, மதியம் இரண்டு வேளையும் அவன் பள்ளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். வீட்டில் இருந்தால் அவனுக்கு யார் ஊட்டுவது? அவனுக்காக நீங்கள் வேலையை விட வேண்டி வரும். படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இருக்காது.

தலைமையாசிரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் இருப்பவர் ஒருவர். பையனைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் வகுப்பில் ஆள் இல்லை. அவர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு உதவியாளர் வேண்டும் என்பதும் உண்மை. அந்த உதவியைக் கேட்டு வாங்குவதில் நீங்களும் அவரும் ஒரே பக்கம் நிற்க முடியும். அதனால்தான் முதல் காகிதமே அவர் மேல் புகாராக இருக்க வேண்டாம் என்கிறேன்.

அந்த 3,500 ரூபாய்

கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. 2018இல் மூன்று திட்டங்களைச் சேர்த்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று ஆக்கினார்கள். அதில் உள்ளடக்கிய கல்வி என்று ஒரு பகுதி. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்று அதில் கணக்கு இருக்கிறது. 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது உங்கள் கைக்கு வரும் உதவித்தொகை இல்லை. தலைமையாசிரியர் கைக்கு வரும் பணமும் இல்லை. பிள்ளைகளின் தலையை எண்ணிப் போடும் பட்ஜெட் கணக்கு. மருத்துவ முகாம், சக்கர நாற்காலி, காலணி, பயிற்சிப் பொருள், போக்குவரத்து, துணைக்கு வருபவருக்கான படி என்று மாவட்ட அளவிலும் வட்டார அளவிலும் செலவாகும். சிறப்புப் பயிற்றுநரின் ஊதியம் தனிக் கணக்கு.

தலைமையாசிரியர் கைக்கு வருவது பள்ளி மானியம். திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு அது ஆண்டுக்கு 10,000 ரூபாய். சுண்ணாம்பு, துடைப்பம், குழாய் ரிப்பேர் எல்லாம் அதில்தான். ஆகவே அவர் உங்கள் மகனின் பணத்தை அமுக்கினார் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் கணக்கைக் காட்டிவிடுவார். நீங்கள் பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள். அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பணம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், எங்கே அடைபடுகிறது என்பது தானாகப் புரியும். வாய்க்கால் கணக்கு மாதிரிதான். மேட்டூரில் திறந்தால் போதாது, கடைமடை வரை வர வேண்டும். முதலில் பள்ளியில் உங்கள் மகனின் பெயர் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஏறுகிறது. அதில் குறைபாட்டின் வகையும் ஏற வேண்டும். அந்த எண்ணிக்கையை வைத்து மாவட்டம் திட்டம் போடும். மாநிலம் அதைத் தொகுத்து டெல்லிக்கு அனுப்பும். அங்கே திட்ட ஒப்புதல் வாரியம் கூடி இவ்வளவு என்று முடிவு செய்யும். ஒப்புக்கொண்ட தொகையில் ஒன்றிய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. அது சென்னையில் மாநிலத் திட்ட இயக்குநருக்கு வந்து, மாவட்டத்துக்கு வந்து, வட்டார வள மையத்துக்கு வரும்.

இதில் தலைமையாசிரியர் தவறு செய்யக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: முதல் மதகு. குறைபாட்டு விவரத்தை ஏற்றாமல் விட்டிருந்தால், அல்லது சாதாரணப் பிள்ளை என்றே பதிவு இருந்தால், மேலே போகும் எண்ணிக்கையில் உங்கள் மகன் இல்லை. என்னிடம் வந்த சில பெற்றோரின் விஷயத்தில் கோளாறு அங்கேதான் இருந்தது. அடையாள அட்டை ஒரு துறையில் வாங்கியிருப்பார்கள். பள்ளிப் பதிவில் அது ஏறியே இருக்காது. தலைமையாசிரியர் தன் போனிலேயே திறந்து காட்டலாம். இரண்டு நிமிட வேலை. வழக்கு, மனு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

டெல்லியில் நிறுத்திவிட்டார்கள் என்று சிறப்புப் பயிற்றுநர் சொன்னது வெறும் சாக்கு இல்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ (ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்திட மறுத்ததை ஒட்டி, 2024-25ஆம் ஆண்டுக்கான ஒன்றியப் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், வரவில்லை. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. யார் பக்கம் நியாயம் என்று இந்தப் பதிலில் நான் பேசப்போவதில்லை. உங்களுக்கு வேண்டியது இது: இரண்டு அரசுகளின் சண்டையால் உங்கள் மகனின் உரிமை குறையாது. பணம் இல்லை என்று சொல்லி ஓர் அரசு அமைப்பு சட்டக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980லேயே ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சாக்கடை கட்டுவது பற்றிய வழக்கு. சாக்கடைக்குச் சொன்னது பிள்ளைக்குப் பொருந்தாதா என்றுதான் எங்களைப் போன்றவர்கள் வாதாடுவோம்.

யாரிடம் எதைக் கேட்பது

கடிதத்தில் நீங்கள் சாய்தளம், பயிற்றுநர், உதவித்தொகை, பிசியோதெரபி நான்கையும் தலைமையாசிரியரிடமே கேட்டிருக்கிறீர்கள். நான்கும் நான்கு இடம். மேற்பார்வை என்பது இங்கே இரண்டு துறைக்கு நடுவில் பிரிந்து கிடக்கிறது. பள்ளிக்குள் நடக்கும் உள்ளடக்கிய கல்வி, பள்ளிக் கல்வித் துறையில் வருகிறது. அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, சிறப்புப் பள்ளிகள் எல்லாம் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. ஒரே பிள்ளைக்கு இரண்டு அலுவலகம்; ஒன்றின் பதிவு மற்றதில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

சாய்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. ஆகவே மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும், நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. "சாய்தளம் சரியில்லை" என்று எழுதாதீர்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது அளவு. டேப் வைத்து அளந்து, முடியும் இடத்திலுள்ள படியின் உயரத்தையும் எழுதி, தண்ணீர் நிற்கும்போது ஒரு போட்டோ எடுத்து இணையுங்கள். மழைக்காலம் முடிந்த பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாது.

பயிற்றுநர் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். "எங்கள் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் போடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கல்வி அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் ஆசிரியர் என்று பொருள். உங்கள் மனு அந்தப் பிரிவுக்குப் போய்ச் சேரும். 'சிறப்புப் பயிற்றுநர்' என்றே எழுதுங்கள். பள்ளிக்கு ஒருவர் என்று கேட்கவும் முடியாது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் தொடக்க நிலையில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர் என்று அளவு வைத்தது. ஒரு பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை இருந்தால், நிரந்தர ஏற்பாடு வரும்வரை பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து ஒருவர் சுற்றி வரலாம் என்றும் சொன்னது. ஆகவே அவர் தினம் வரவில்லை என்பது குற்றம் ஆகாது. அவர் எத்தனை பிள்ளைகளைச் சுமக்கிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 10 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 30, 40 பேர் என்றால், குறை அவருடையது அல்ல, பணியிடத்தை உருவாக்காதவர்களுடையது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், எத்தனை பணியிடம் தேவை என்று அறிவித்து ஆள் எடுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் நிலையைப் பார்க்கக் குழு அமைக்கவும் சொன்னது. உங்கள் பள்ளிக்கு வரும் பயிற்றுநருக்கு இது தெரிந்திருக்கும். தொகுப்பூதியத்தில், சொந்த வண்டிக்குச் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வருபவர் மேல் புகார் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவரிடம் வருகை அட்டவணையையும் மகனுக்கான தனிப் பயிற்சித் திட்டத்தின் நகலையும் கேளுங்கள். கொடுப்பார்.

பிசியோதெரபிக்கு வட்டார வள மையம் வரை 14 கிலோமீட்டர், போனால் ஒரு நாள் கூலி போகிறது என்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 16ஆம் பிரிவு, மாற்றுத்திறன் பிள்ளைக்கும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையின் துணைக்கு வருபவருக்கும் போக்குவரத்து வசதி பற்றிப் பேசுகிறது. திட்டத்திலும் போக்குவரத்துப் படி, துணையாள் படி உண்டு. வள மைய மேற்பார்வையாளரிடம் எழுதிக் கேளுங்கள். கூலி இழப்பை யாரும் தர மாட்டார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை, நான் ஆசை காட்டக் கூடாது. மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் சில வகைகளுக்கு மட்டும் உண்டு. உங்கள் மகன் அதில் வருகிறானா என்று கலெக்டர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான குறிப்பு. 16ஆம் பிரிவில் அரசு 'முயல வேண்டும்' என்ற சொல் இருக்கிறது. அரசு வக்கீல்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் 31ஆம் பிரிவில் அந்த நெகிழ்வு கிடையாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ அவன் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. மனுவில் எந்தப் பிரிவைப் போடுவது என்று கேட்டால் இதைத்தான் முதலில் போடச் சொல்வேன்.

அந்தச் சிறப்புப் பள்ளி

31ஆம் பிரிவு தேர்வை உங்களிடம் விடுவதால், சிறப்புப் பள்ளிக்குப் போவது தோல்வி ஒன்றும் இல்லை. தினமும் பயிற்சி, பேச்சுப் பயிற்சியாளர், அவனைப் போன்ற கூட்டாளிகள் எல்லாம் அங்கே கிடைக்கலாம். ஆனால் ஏழு வயதில், வலி வந்தால் தெளிவாகச் சொல்ல முடியாத பிள்ளையை விடுதியில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பகல் மட்டும் போய்வர முடியுமா என்று கேளுங்கள். டி.சி. வாங்கினால் ஊர்ப் பள்ளிக்குத் திரும்ப முடியாது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். தவறு. எந்த மாதத்திலும் திரும்பி வந்து சேரலாம், சேர்க்க மறுக்க முடியாது.

போய்ப் பார்க்காமல் டி.சி. வாங்காதீர்கள். 2016 சட்டப்படி இத்தகைய நிறுவனங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர்களா என்று கேளுங்கள். அப்புறம் சமையலறை எங்கே இருக்கிறது, கூரை என்ன, பிள்ளைகள் மாடியிலா தரையிலா, வெளியே வர எத்தனை வழி என்று பாருங்கள். நான் கும்பகோணத்துக்காரி. 2004 ஜூலை 16 அன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் சமையல் தீ கீற்றுக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைகள் போனார்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகளே அன்று இறங்க முடியவில்லை. அன்றிலிருந்து எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் முதலில் படிக்கட்டைப் பார்க்கிறேன். உங்கள் மகனை யாராவது தூக்கித்தான் இறக்க வேண்டும். இரவில் யார் தூக்குவார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வந்துவிடுங்கள்.

வழக்கு

கடைசிப் படி அது. திருவாரூர் மாவட்டத்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். மதுரைக் கிளை தஞ்சாவூர்க்காரர்களுக்கு. கொழுந்தனாரிடம் சொல்லிவிடுங்கள். காசு செலவாகும் என்று பயப்பட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். நீங்களும் மகனுமாக மூன்றிலும் வருகிறீர்கள். ஆனால் இன்று போனால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, "யாரிடம் எழுதிக் கேட்டீர்கள்?" என்பது. உங்களிடம் ஒரு காகிதமும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு.

இப்போது செய்ய வேண்டியது

தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். நான் எழுதித் தருகிறேன், அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்:

"ஐயா, என் மகன் தங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். அவன் தினமும் பள்ளிக்கு வந்து படிக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். வீட்டு வழிக் கல்வியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவனுடைய குறைபாட்டு விவரம் எமிஸ் பதிவில் ஏறியிருக்கிறதா என்று தெரிவிக்கவும். இல்லையென்றால் ஏற்றித் தரவும். சிறப்புப் பயிற்றுநர் வரும் நாட்களை முன்கூட்டித் தெரிவித்தால் நானும் வந்து கற்றுக்கொள்வேன். அவனைக் கவனிக்க ஓர் உதவியாளர் தேவை என்று தாங்கள் மேலிடத்துக்கு எழுதினால் நானும் கையெழுத்திடுகிறேன்."

கடைசி வரி முக்கியம். கோபம் பிள்ளை மேல் திரும்புமோ என்ற பயத்துக்கு அதுதான் மருந்து. அவரை எதிரியாக நிறுத்தாமல் கூட்டாளியாக நிறுத்துகிறது. நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய இடம் தர வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் பிள்ளையும் அந்தப் பிரிவில் வருகிறான். சாய்தளமும் கழிப்பறை வசதியும் அங்கே தீர்மானமாக ஏறட்டும்.

ஒரு மாதம் பாருங்கள். அசைவில்லை என்றால் மாவட்டத் திட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுப் பட்டியலில் இருந்தால் அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். நம் வட்டாரத்தில் தொடக்க நிலையில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர், சிறப்புப் பயிற்றுநர் எத்தனை பேர், இந்த ஆண்டு மாணவர் நலனுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எங்கள் பள்ளிக்கு வந்த நாட்களின் பதிவு நகல். இவ்வளவு போதும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வராது, எண்ணுக்கும் நகலுக்கும்தான் வரும்.

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். அவருக்கு விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையைத் துறை மூன்று மாதத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு வக்கீல் இல்லாமலே இதைச் செய்யலாம்.

தாளடி நடவு முடியும்வரை திங்கள்கிழமை மனு நாளுக்குத் திருவாரூர் போக முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். போக வேண்டாம். எல்லாவற்றையும் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபாலை இப்போது விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அதிலேயே அனுப்பி, ரசீதை அடையாள அட்டை நகலோடு ஒரு பாலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். உங்கள் ஊரில் மழைக்கு ஓடு ஒழுகும் என்று எழுதியிருந்தீர்களே, அதனால் சொல்கிறேன். எமிஸ் பதிவில் என்ன இருந்தது என்று பார்த்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.